பெயின்ட் அடித்த ஏரி

எங்கள் தலைமையாசிரியை அறையில் ஓர் இரும்பு பீரோ உண்டு. கோவில்பதாகை என்ற ஊர்ப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. பெயர் வேண்டாம், சொன்னால் நாளைக்கே யாராவது விளக்கம் கேட்டு மெமோ அனுப்புவார்கள். அந்த பீரோவுக்குள் என்ன இருக்கிறது என்று வேலைக்குச் சேர்ந்த வருஷமே பார்த்துவிட்டேன். பிளாஸ்டிக் உறை பிரிக்காத உலக உருண்டை. தெர்மகோல் பெட்டியோடு ஒரு நுண்ணோக்கி. காந்தங்கள், லென்சுகள், சுருட்டியபடியே பழுத்துப்போன படங்கள். எல்லாம் யாரோ எப்போதோ பிள்ளைகளுக்கென்று கொடுத்தவை. அதிகாரிகள் வரும் நாளில் வெளியே எடுத்து மேஜைமேல் பரப்புவோம். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனதும் உள்ளே போய்விடும். உற்சவர் புறப்பாடு மாதிரிதான். பிள்ளைகள் தள்ளி நின்று, கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்ப்பார்கள்.

"தொட்டா கெட்டுடும் டீச்சர்" என்பார் தலைமையாசிரியை. கெட்ட மனுஷி இல்லை. முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஒரு தராசு காணாமல் போய், அதற்குப் பதில் எழுதி எழுதியே தனக்குச் சர்க்கரை வந்ததாக அவரே சொல்வார். இருப்புச் சரிபார்க்க ஆள் வருகிறார் என்றால் அன்றைக்குக் காலையில் அவருக்குத் தொண்டையில் இட்லி இறங்காது. இதெல்லாம் எனக்குப் புரியும். புரிந்து என்ன செய்ய? ஆத்திரம் அடங்கவில்லையே. எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். "மேடம், இது ஸ்கூலா, அடகுக் கடையா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த நேரத்தில்தான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் அறக்கட்டளை, அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வகுப்பில் புதிதாக ஏதாவது செய்ய நினைத்தால் சிறு தொகை தருவதாக அறிவித்தது. கல்யாண வீட்டு மொய் அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் ஆசிரியரிடம் நேராகத் தருவார்கள். ஒரு வருஷம் நன்றாக நடந்தால் மறுவருஷமும் உண்டு. எனக்கு என்ன செய்வது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

காரணம் ஏழாம் வகுப்பில் ஒரு பெண். பூந்தமல்லியிலிருந்து இங்கே குடிவந்த முஸ்லிம் குடும்பம். அப்பா பஞ்சு மெத்தை தைத்து விற்பவர். கடையும் வீடும் ஒன்றுதான், பள்ளத்துத் தெருவில், தரைத்தளத்தில். அதற்கு முந்தைய மழையில் வெள்ளம் புகுந்து பஞ்சு மூட்டைகள் அத்தனையும் ஊறி, தெருவில் கொட்டும்படி ஆகிவிட்டது. நான் நீர்ச்சுழற்சி நடத்திக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து கேட்டாள்.

"மிஸ், எங்க தெருவுக்குத் தண்ணி எந்தப் பக்கம் வருதுன்னு இதுல இருக்கா? அத்தா ஒவ்வொரு தபாவும் வாசல்லதான் மணல் மூட்டை போடுறாரு. எனக்கென்னவோ அது பின்னாடி வருதுன்னு தோணுது. சொன்னா சிரிக்கிறாரு."

புத்தகத்தில் கடல் இருந்தது, மேகம் இருந்தது, மலை இருந்தது. அவள் தெரு இல்லை. கடலும் மலையும் யாருக்கு வேண்டும்? எங்கள் ஊர் ஏரி, அது நிறைந்தால் வழியும் கலங்கல், உபரித் தண்ணீர் ஓடும் கால்வாய், தெருக்கள், பள்ளி எல்லாவற்றையும் மண்ணில் செய்து, மேலிருந்து தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது என்று எழுதிப் போட்டேன். கிடைத்துவிட்டது.

மண்ணைத் தாங்க ஒரு தகரத் தட்டு வேண்டும். மண்ணூர்பேட்டையில் தகடு வளைக்கும் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்தவர் நான் வரைந்த படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர் இது, மீன் கடை போடப்போறியா?"

"ஏரி கட்டப்போறேன் அண்ணாத்தே."

"அத்த சொல்லு. அப்போ ஓரத்துல ஒரு ஓட்ட போட்டு பைப்பு வெச்சுத் தர்றேன். இல்லாங்காட்டி ஊத்தற தண்ணியெல்லாம் உன் கால்லதான் வந்து வியும்."

ஏரிக்கரையிலிருந்து பிள்ளைகளே மண் கொண்டுவந்தார்கள். வகுப்பு மாடியில். ஒவ்வொரு வாளி மண்ணுக்கும் படிக்கட்டெல்லாம் சேறு. தலைமையாசிரியை கீழே நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். யார் வீடு எங்கே என்று அவர்களுக்குள் ஒரே சண்டை. தீப்பெட்டிகளை அடுக்கிப் பள்ளியைச் செய்தார்கள். எந்தத் தெரு மேடு, எந்தத் தெரு பள்ளம் என்று சைக்கிளில் போய், மிதிக்காமல் உருண்டால் பள்ளம் என்று கண்டுபிடித்து வந்தார்கள். பிறகு தினமும் ஏரி நிறைய ஊற்றிப் பார்த்தோம். தண்ணீர் கலங்கலைத் தாண்டிக் கால்வாயில் இறங்கும். மண் குடித்தது போக மிச்சம் மெதுவாக நகரும். கடைசியில் பைப் வழியாக வாளியில் விழும். ஒவ்வொரு தடவையும் ஒரு கரை இடியும். மறுநாள் கட்டுவார்கள். அந்தப் பெண் நினைத்தது சரி. தண்ணீர் அவள் தெருவுக்குப் பின்பக்கக் கால்வாயிலிருந்துதான் வந்தது.

"அத்தா நம்பல மிஸ். பொம்மையப் பாத்துட்டு வந்து கடையை மாத்தச் சொல்றியான்னு கேக்குறாரு. ஒரே ஒரு தபா அவரு கண்ணால பாத்துட்டா போதும்" என்றாள்.

அறக்கட்டளைக்காரர்கள் பார்வையிட வரும் நாளில் பெற்றோரையும் அழைக்கலாம் என்றிருந்தது. அன்றைக்குக் கூட்டி வரச் சொன்னேன். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அந்த ஒரு நாள்தான் கணக்கு.

அன்று காலையில் மாடிப்படி ஏறும்போதே எனக்கு வாடை அடித்தது. பெயின்ட். உள்ளே போய்ப் பார்த்தேன். ஏரிக்குப் பளபளவென்று நீல எனாமல். சாலைகளுக்குக் கறுப்பு. தெருக்களுக்கு மஞ்சள், வீடுகளுக்கு ரோஸ். எல்லாவற்றுக்கும் மேலே வார்னிஷ். கரை நெடுக, கேக் மேல் செருகுகிற பிளாஸ்டிக் தென்னைமரங்கள். ஓரத்துப் பைப்பைச் சுவருக்குப் பூசும் பட்டி வைத்து அடைத்திருந்தார்கள். பிள்ளைகள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். முந்தாநாள்வரை முழங்கை அளவு விட்டுப் பிசைந்த மண்ணைத் தொட ஒருவருக்கும் கை வரவில்லை.

தலைமையாசிரியை பட்டுப்புடவையில் வந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"எப்படி இருக்கு டீச்சர்? சாயங்காலம் நீங்க போனதும் ஆள் வெச்சு அடிச்சேன், என் கைக்காசு. வர்றவங்க முன்னாடி சேறும் சகதியுமாவா காட்டறது? அந்தப் பைப்பும் ஒழுகி அசிங்கமா இருந்துச்சு, அடைச்சாச்சு. தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, கெட்டுடும்."

"மேடம், தண்ணி ஊத்தறதுக்குத்தான் இதைச் செஞ்சோம்."

"ஒரு நாள் ஊத்தாட்டி என்ன? அடுத்த வருஷ கிராண்ட் வேணுமா வேணாமா?"

அந்த அம்மாள் அன்பாகத்தான் செய்தார். அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். திட்டவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் என்னிடம் வந்து, "அப்போ ஊத்த மாட்டமா மிஸ்? அத்தா கடையைச் சாத்திட்டு வந்திருக்காரு" என்றாள். கதவோரத்தில் அவர் நின்றிருந்தார். தொப்பியிலும் தாடியிலும் பஞ்சு.

அறக்கட்டளையிலிருந்து ஓர் அதிகாரியும் படம் எடுக்க ஒருவரும் வந்தார்கள். பேனர் கட்டினார்கள். சால்வை போர்த்தினோம். அதிகாரி தட்டைச் சுற்றி வந்து, "பிரமாதம்! இதுக்கு ஒரு கண்ணாடி மூடி போட்டுட்டீங்கன்னா வருஷக்கணக்கா அப்படியே இருக்கும்" என்றார். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். பார்த்தீர்களா, நான் சொல்லவில்லையா என்ற பார்வை.

கண்ணாடி மூடியாம்! இன்னொரு பீரோ. அவ்வளவுதான், எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கிராண்ட் போனால் மயிரே போச்சு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே கொஞ்சம் மரியாதையாகத்தான் பேசினேன்.

"சார், இது பாக்கறதுக்குச் செஞ்சது இல்ல. பசங்க செஞ்சு காட்டுவாங்க, ரெண்டு நிமிஷம் நில்லுங்க." அந்தப் பெண்ணிடம் திரும்பி, "ஊத்து" என்றேன்.

"டீச்சர்!" என்று தலைமையாசிரியை போட்ட சத்தம் கீழ்வகுப்புவரை கேட்டிருக்கும்.

அவள் வாளியைத் தூக்கி ஊற்றிவிட்டாள். நாங்கள் தினம் பார்த்த தண்ணீர் இல்லை அது. எனாமல்மேல் நிற்காமல் வழுக்கிக்கொண்டு பாய்ந்தது. கலங்கலை ஒரே தாவலில் தாண்டி, கால்வாயை நிறைத்து, பள்ளத்துத் தெருவுக்குள் பின்பக்கமாகப் புகுந்து, அங்கிருந்து பள்ளிக்குள் போனது. தென்னைமரங்கள் மிதந்தன. பைப்பைத்தான் அடைத்தாயிற்றே. தட்டு நிறைந்து விளிம்பைத் தாண்டி, அதிகாரியின் ஷூவுக்குள்ளேயே இறங்கிவிட்டது. அவர் ஒற்றைக் காலில் குதித்தார். பேனரின் அடிப்பக்கம் நனைந்து தொங்கியது. தண்ணீர் காலில்தான் விழும் என்று மண்ணூர்பேட்டைக்காரர் சொன்னது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்தப் பெண்தான் ஆரம்பித்தாள். வாளி இன்னும் கையில் இருந்தது.

"எப்பவும் இவ்ளோ வேகமா வராது சார். மண்ணு பாதியக் குடிச்சுரும். இப்போ பெயின்ட் அடிச்சுட்டாங்கல்ல, அதான் குடிக்கல. எங்க ஏரியாவுலயும் இப்படித்தான் சார். ப்ளாட்டு போட்டு, சிமென்ட்டு போட்டு, மண்ணே இல்ல." பிறகு தீப்பெட்டிப் பள்ளியைக் குனிந்து பார்த்து, "மிஸ், ஹெச்.எம். ரூம் முழுகிடுச்சு" என்றாள்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்? கதவோரத்தில் நின்ற அவள் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ரோஸ் வீடுகளுக்குப் பின்னால் விரல் வைத்து, "அட, பின்னாடிதான்டி வருது!" என்றார். மகள் தலையைத் தடவினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதிகாரி சாக்ஸைப் பிழிந்துகொண்டே கீழே இறங்கினார். கொஞ்ச நாளில் பதில் வந்தது. பொருள் பராமரிப்பு திருப்திகரமாக இல்லாததால் அடுத்த வருஷம் நிதி இல்லை. தலைமையாசிரியை அதை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நான் பிள்ளைகளோடு உட்கார்ந்து எனாமலைச் சுரண்டினேன். நகமெல்லாம் நீலம். கீழே மண் அப்படியேதான் இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடாமல் பெய்த ஒரு மத்தியானம் தலைமையாசிரியை மாடிக்கு வந்தார். என்னிடம் பேசாமல் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, என் ரூமுக்குத் தண்ணி எந்தப் பக்கம் வரும்?"

"சன்னல் பக்கம் மிஸ். பீரோ இருக்குற மூலைதான் மொத ரொம்பும்."

அவர் இடுப்பிலிருந்த சாவியை எடுத்தார். உலக உருண்டையும் நுண்ணோக்கியும் மற்ற எல்லாமும் பிள்ளைகள் கையில் வரிசையாக மாடி ஏறின. பள்ளியில் நனையாத இடம் எங்கள் வகுப்பு ஒன்றுதான். மறுநாள் அவர் அறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பள்ளத்துத் தெருவிலும் நின்றது. ஆனால் மெத்தைக் கடையில் பஞ்சு முழுக்கப் பரணில் இருந்தது. மணல் மூட்டைகள் இந்தத் தடவை பின்வாசலில்.

தண்ணீர் வடிந்து அறையைக் கழுவி முடித்ததும் பொருள்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஆள் விட்டார். தரமாட்டேன் என்றேன். அவரே வந்தார். "இங்கேதான் இருக்கும் மேடம். வேணும்னா மேல எழுதுங்க, மெமோ வாங்கிக்கறேன்" என்றேன். அதற்குள் பிள்ளைகள் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, உருண்டையில் தங்கள் ஏரியைத் தேடி, காணாமல் ஏமாந்து, பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். அவர் அந்தப் புள்ளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இறங்கிப் போனார். மேலே எழுதுவார் என்றுதான் நினைத்தேன்.

இருப்புச் சரிபார்க்க வந்தவர் இந்த வருஷம் மாடிக்கே வந்துவிட்டார். தலைமையாசிரியையும் கூடவே வந்தார். நெற்றி வியர்த்திருந்தது. காலையில் சாப்பிட்டிருக்க மாட்டார். வந்தவர் உலக உருண்டையைத் தூக்கினார். தண்டு உடைந்து, துணி வைத்துக் கட்டியிருந்தது. ஆப்பிரிக்கா பாதி தேய்ந்துபோயிருந்தது.

"இது எப்படி ஒடஞ்சுது?" என்றார்.

நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன். தலைமையாசிரியை என்னை முந்திக்கொண்டார்.

"பசங்க தினமும் சுத்தறாங்க சார். சுத்தினா ஒடையத்தான் செய்யும். ஒடைஞ்சதுன்னே எழுதிக்கோங்க, நான் கையெழுத்துப் போடறேன்."