பெட்டிக்குள் ஈரம் இல்லை

ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு மில் வேன் வந்தது. இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பழுதாகியிருந்தது.

"எதனாலப்பா?" என்றார் வேன் முதலாளி.

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "டிரைவர் தண்ணியப் பீச்சிக் கழுவுனதுதான் அண்ணாச்சி" என்றேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அந்தப் படிப்பை நம்பி, முதலாளி டிரைவர் செல்வம் அண்ணனை அன்றே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

புதிய கம்ப்யூட்டரை மாட்டிய பிறகுதான் பழையதைப் பிரித்தேன். உள்ளே ஈரம் பட்ட தடமே இல்லை. ஏதோ ஒரு பாகம் தானாகக் கருகியிருந்தது. வேன் முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"வேற ஆள் போட்டாச்சு, விடுப்பா."

மம்சாபுரத்தில் இருக்கும் வீட்டுக்கே போய்ச் செல்வம் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"படிச்ச புள்ள சொல்லுதே, சோறு போட்ட வண்டிய நாந்தான் கெடுத்துட்டேன்னு எம் பொஞ்சாதிகிட்ட அழுதேன் தம்பி."

அவருடைய வேலையை மட்டும்தான் பறித்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.