ஒற்றைக்கண் அரக்கனின் தோல்

மகளுக்கு வாங்கிய செருப்புப் பெட்டியைத் திறந்ததும் எழுந்த தோல் வாசனை, பேகம்பூரில் இன்று வண்டிகள் நிறுத்துமிடமாகிவிட்ட பழைய சினிமாக் கொட்டகைக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது. தோல் பதனிடும் வேலை முடிந்து அதே வாடையோடு என்னைப் பெற்ற அத்தாவும் கூட்டாளிகளும் வந்து உட்கார, தமிழ் பேசும் கிரேக்கக் கடவுள்கள் மேகத்தில் நின்று சபிக்கும் படங்கள் அங்கே ஓடும்; பொம்மையை நகர்த்தி நகர்த்திப் படம்பிடித்த ஒற்றைக்கண் அரக்கன் வெட்டி வெட்டி நடந்து வந்ததும், பெஞ்சுகளில் பயத்துக்குப் பதிலாக அதன் தோலைப் பற்றிய தீர்ப்பு தொடங்கிவிடும்.

“ஏலே, அது ஆட்டுத்தோலு. முடியக்கூட ஒழுங்காச் சொரண்டல,” என்பார் ஒருவர்.

“கன்னுத்தோலுப்பா, மடிப்பப் பாரு,” என்பார் அத்தா.

முடிவுக்கு வருவதற்குள் கதாநாயகனின் ஈட்டி பாய்ந்துவிடும். “நல்லாப் பாக்குறதுக்குள்ள கொன்னுட்டாய்ங்களே,” என்று வீடு வரைக்கும் அத்தா புலம்பிக்கொண்டே வருவார்.

போன வாரம் மகளோடு அதே மாதிரிக் கதையைப் புதுப் படமாகப் பார்த்தேன். கணினியில் செய்த அரக்கனின் ஒவ்வொரு முடியும் காற்றில் அசைந்தது.

“நெசமாட்டமே இருக்குல்ல?” என்றாள்.

இருந்தது. ஆனால் அது ஆட்டுத்தோலும் இல்லை, கன்றுத்தோலும் இல்லை. சண்டை பிடிக்கப் பக்கத்தில் அத்தாவும் இல்லை.