ரீச்சர் சைக்கிள் ஓடிய வருடம்

முதுமாணிப் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது மனித உடலின் அசைவு. பௌதிகம் படித்தவனுக்கு மருத்துவபீடத்தில் ஒரு மூலை மேசை தந்திருந்தார்கள். ஒருவர் நடக்கும்போது முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, உடலின் பாரம் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் இதற்கென்றே கமராக்கள் இருந்தன. பழைய சஞ்சிகைகளில் அவற்றின் படங்களைப் பார்த்து ஏங்குவேன். சண்டைக் காலம்; எங்களுக்கு மின்சாரமே இல்லை. என்னிடம் இருந்தவை ஒரு பெரிய பாகைமானியும் நூலில் கட்டிய ஈயக்குண்டும் அளவுநாடாவும்தான்.

செயற்கைக்கால் போட்டவர்களின் நடையை அளந்து வரும்படி பேராசிரியர் சொன்னார். அப்படித்தான் கோப்பாயில் அந்த ரீச்சரின் வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். என் வயதுதான் இருக்கும். ஷெல் விழுந்து இடதுகால் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. முற்றத்தில் அவர் நடப்பார். நாடாவைத் தாயார் பிடிப்பார். நான் எட்ட நின்று எழுதிக்கொள்வேன்.

இரண்டாம் முறை போனபோது ரீச்சர் பாதியில் நின்றுவிட்டார்.

"நடையை ஏன் உப்பிடி அளக்கிறியள்? நான் நடக்கிறன்தானே. எனக்குச் சைக்கிள் ஓடோணும்."

பெற்றோல் இல்லாத காலம் அது. ஊரே சைக்கிளில் ஓடியது. ரீச்சர் மட்டும் யாராவது ஏற்றிப்போக வருவார்களா என்று படலையில் காத்து நிற்கவேண்டியிருந்தது.

"ஆரின்ரையும் சைக்கிள் கரியரிலை இருந்து போய் அலுத்துப்போச்சு," என்றார்.

"விழுந்தா ஆர் பாக்கிறது? தம்பி, நீங்களாவது சொல்லுங்கோவன்," என்றார் தாயார்.

நான் ரீச்சரின் முகத்தைப் பார்த்தேன். "பாப்பம், ரீச்சர்" என்றுதான் வாயில் வந்தது.

விஷயத்தைச் சொன்னபோது பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "உம்மடை ஆராய்ச்சி நடையைப் பற்றினதெல்லோ?"

"ஓம் சேர். ஒரு அத்தியாயம் மட்டும்."

"சரி, செய்யும். ஆளை விழுத்திப்போடாதையும்."

சிக்கல் எங்கே என்று கண்டுபிடிக்க அதிக நாள் எடுக்கவில்லை. பெடல் மேலே வரும்போது முழங்கால் நன்றாக மடங்கவேண்டும். மடங்கினால் செயற்கைக்காலின் மேல் விளிம்பு பின்தொடையில் குத்தியது. இருக்கையை உயர்த்தினால் மற்றக் கால் நிலத்துக்கு எட்டவில்லை. பெடலின் தண்டு கட்டையாக இருந்தால் கால் சுற்றும் வட்டம் சிறுக்கும், முழங்காலும் குறைய மடங்கும் என்று கணக்குப் போட்டேன். கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு அருகே இருந்த சைக்கிள் கடையில் சிறுபிள்ளைகளின் உடைந்த சைக்கிள் ஒன்று கிடந்தது. அதன் தண்டைக் கழற்றி ரீச்சரின் சைக்கிளுக்கு மாற்றினோம். பாதம் வழுக்காமலிருக்கப் பழைய ரியூப்பை வெட்டிப் பெடலில் பட்டி போட்டேன்.

முதல் நாள் அவர் வேலியோடு போய் மோதினார். தாயார் பார்க்கமாட்டேன் என்று உள்ளே போய்விட்டார். நான் ஓடிப்போய்த் தூக்க முன்பே ரீச்சர் தானாக எழும்பி, பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் அதன்பிறகு ஒவ்வொரு பின்னேரமும் கொக்குவிலிலிருந்து மிதித்துக்கொண்டு போனேன். மாரி தொடங்க முன்பே அவர் ஒழுங்கை முழுவதும் ஓடப் பழகிவிட்டார். பிறகு பள்ளிக்கூடத்துக்கும் தனியே போனார்.

அளவுகள் முடிந்தன. "இன்னும் ஒருக்காப் பாக்கோணும்" என்று சொல்லிச் சில தடவை போனேன். அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கோப்பாய் வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் நிற்பேன். ரீச்சர் மணி அடித்துக்கொண்டு வருவார்.

"பெடல் நல்லாயிருக்கு!" என்பார். போய்விடுவார்.

நிற்கமாட்டார். இறங்கினால் திரும்ப ஏறுவது அவருக்குக் கஷ்டம். அது என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும், இன்றைக்கு ஒருக்கா நிற்கமாட்டாரா என்று ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒருநாள் நின்றார்.

"நாங்கள் கிளாலியாலை வள்ளமேறி ஊரை விட்டுப் போறம். அண்ணை கனடாவுக்குக் கூப்பிடுறார். அம்மாவும் வாறா."

"எப்ப?"

"இந்தக் கிழமை."

"பெடல் பட்டி இறுக்கமா இருக்கோ?" என்று கேட்டேன்.

"ஓம். இறுக்கம்தான்."

சிறிது நேரம் இருவரும் அந்தப் பட்டியையே பார்த்தோம். பிறகு நான் ஹாண்டிலைப் பிடித்தேன். அவர் என் தோளில் கைவைத்து ஏறினார். அதுவரை என்னைத் தொட்டதில்லை. கையை உடனே எடுக்கவுமில்லை.

"போட்டு வாறன்," என்றார். சைக்கிள் கோயில் மதில் தாண்டித் திரும்பும்வரை நின்றேன்.

அதன்பிறகு வந்த வருடம் என் ஆய்வுக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது. சைக்கிள் அத்தியாயத்தில் ஏன் ஒரே ஒருவரை மட்டும் எடுத்தீர் என்று கேட்டார்கள். வேறு யாரும் கிடைக்கவில்லை என்றேன். பட்டம் தருவதாகச் சொல்லிக் கைகுலுக்கினார்கள்.

வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகாமல் கோப்பாய்க்குப் போனேன். அந்த வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தது. என்ன விஷயம் என்று ஓர் அம்மா படலையில் வந்து கேட்டார். தண்ணீர் கேட்டேன். செம்பில் கொண்டுவந்து தந்தார். குடித்துவிட்டுத் திரும்பினேன்.