கோயில் பக்கமா, ஓடைப் பக்கமா

ஐம்பதைத் தாண்டிய ஒருவன் பதினொரு வயதுப் பையன்மேல் பொறாமைப்படுவது அழகல்ல. அந்தப் பையனுக்கும் இப்போது ஐம்பது தாண்டிவிட்டது, கஹவத்தை பஸாரில் கடை, கொஞ்சம் சர்க்கரை வியாதி என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், என் மாமா மகனைப் பார்த்தால் இன்றும் வயிறு எரிகிறது.

எங்கள் தோட்டத்தில் மேல்கணக்கு தேயிலை, கீழ்க்கணக்கு றப்பர். தீபாவளி லீவில் இரண்டு பிரிவும் பந்து விளையாடும். எங்கள் மேல்கணக்குக்கு கோல் கீப்பர் என் அப்பா. லீவுக்கு வரும் மாமா மகன் பந்தைப் பார்க்கவே மாட்டான், ஆளைப் பார்ப்பான்.

"அந்த நெட்ட அண்ணன் மூக்கத் தொடச்சாருன்னா தலையால அடிக்கப்போறாரு மாமா" என்றான் ஒரு வருடம். நெட்டையர் மூக்கைத் துடைத்தார், தலையால் அடித்தார், அப்பா பிடித்தார். அதோடு எங்கள் வீட்டில் அவன் ராஜா. அப்பா அடுப்படியில் வலது காலை நீட்டி உட்கார்ந்து அவன் பேச்சைக் கேட்பார். "இது கண்ணா, காமராவா!" என்பார். மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் அவனுக்கு இடம். பெற்ற பிள்ளைக்கு அப்பாவின் செருப்பைக் காவல் காக்கும் உத்தியோகம்.

அடுத்த வருடம் நானும் ஆராய்ச்சியில் இறங்கினேன். கீழ்க்கணக்கில் பெனால்டி அடிக்கிறவர் பால் வெட்டும் தொழிலாளி. விடிந்ததும் றப்பர் மலைக்குப் போய், மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அட்டைகள் என் காலை ஆராய்ந்தன. நான் அவர் கையை ஆராய்ந்தேன். மரத்துக்கு மரம் அவருடைய கத்தி இடக்கைப் பக்கம் உயரத்தில் தொடங்கி, வலக்கைப் பக்கமாகவே சரிந்தது. ஒரு மரத்தில்கூட மாறவில்லை. மனிதரின் சுபாவமே பிடிபட்டுவிட்டது! கோலைப் பார்த்து நின்றால் அவருக்கு வலக்கைப் பக்கம் கோயில், இடக்கைப் பக்கம் ஓடை.

ஆட்டம் ஆளுக்கொரு கோலில் சமமாக நிற்கும்போது, முடியப்போகிற நேரத்தில் கீழ்க்கணக்குக்கு பெனால்டி கிடைத்தது.

"ஓடைப் பக்கம், மாமா!" என்றான் அவன்.

"இல்லப்பா, கோயில் பக்கம்!" செருப்பைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கத்தினேன்.

அப்பா எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கோயில் பக்கம் பாய்ந்தார். பந்து ஓடைப் பக்கமாக உள்ளே போனது.

தோற்றுப்போனோம். பெனால்டி அடித்தவர் என்னிடம் வந்தார். "ஏன் தம்பி, கோயில் பக்கம்னு யாரு சொன்னா?" காலையில் பார்த்ததைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடப்பாவி, பால் மரத்த எல்லாருமே அப்புடித்தான்டா வெட்டணும்! மாத்தி வெட்டுனா கங்காணி அன்னிக்குச் சம்பளத்துக்குப் பேர் போடுவாரா?"

கீழ்க்கணக்கே சிரித்தது. மாமா மகனும் சிரித்தான். எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. அப்பா அவன் பேச்சைத் தள்ளிவிட்டு என் பேச்சை நம்பி விழுந்திருந்தாரே! அதற்குப் பிறகு எத்தனையோ வருடம், வயிறு எரியும்போதெல்லாம் இதைத்தான் தண்ணீராக ஊற்றி அணைத்துவந்தேன்.

போன தீபாவளிக்கு மாமா மகன் அப்பாவைப் பார்க்க வந்தான். டிவியில் ஏதோ மேட்ச். திரையில் கீப்பர் எந்தப் பக்கம் பாய்வான் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தான், சரியாகவும் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன இருந்தாலும் அன்னிக்கு அப்பா ஒன்ன நம்பலயே. என்னத்தானே நம்புனாரு" என்றேன்.

நாற்காலியில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்த அப்பாதான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"நான் யாரடா நம்புனேன்? இந்த முட்டி மடங்காமப் போனதிலருந்து எனக்குக் கோயில் பக்கம் மட்டுந்தானே விழ வரும். கீழ்க்கணக்கு முழுக்க அது தெரியும். அதப் பாத்துத்தானே இவனே ஓடைப் பக்கம்னு சொன்னான்."