மருமகளைச் சுவரில் வைத்துப் பூசிய வீடு

எங்க அண்ணிக்கு ஜெராக்ஸ் கடையில வேலை. மெஷின்ல பேப்பர் சிக்கிக்கிச்சுன்னா, அது சரியாகற வரைக்கும் வந்தவங்களுக்கு ஒரு பேய்க் கதை உறுதி. பாதிப் பேர் வந்த வேலையை மறந்துட்டுப் போயிடுவாங்க. தெருவுல அவங்களுக்குப் பேரே ரேடியோ. "இவளை ஆஃப் பண்ற சுவிட்ச் எங்கடி இருக்கு?"ன்னு எங்க அண்ணன் என்கிட்ட கேப்பான். கட்டிக்கிட்டவன் நீ, நீயே தேடுன்னு சொல்லிடுவேன்.

அந்த வாயைத் தேடித்தான் மொபைல் ஆப் கம்பெனிக்காரர் ஒருத்தர் வந்தாரு. ஊர் சுத்த வர்றவங்க போனைக் கையில வச்சுக்கிட்டு நடப்பாங்களாம். எந்த இடத்துல நிக்கிறாங்களோ, அந்த இடத்துக் கதை காதுல பேசுமாம். "அந்தந்த இடத்துக்கே போய் நின்னு பதியுங்க. நீங்க நிக்கிற இடத்துலதான் மேப்ல புள்ளி விழும்"னு அந்த மனுஷன் தெளிவாத்தான் சொன்னாரு. அண்ணி தலையைத் தலையை ஆட்டினாங்க. எங்க கேட்டாங்க? அடுத்து அவருக்கு எந்தக் கதையைச் சொல்லலாம்னு யோசிச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க.

பஸ் ஸ்டாண்ட் பின்னாடி ஒரு இடிஞ்ச கிட்டங்கி இருக்கு, அந்தக் காலத்துச் சரக்கு குடோன். மாமியார் ஒருத்தி மருமகளைச் சுவத்துக்குள்ள வச்சுப் பூசிட்டாள்னு அதுக்கொரு கதை. அங்க நின்னு பேசினா ஒரே ஹாரன் சத்தம். அண்ணி எரிச்சலாகி, ரெண்டு தெரு தள்ளி இருக்கிற தையல்காரம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. ரூம் முழுக்கத் துணி மூட்டை, எதிரொலியே கிடையாது. தையல்காரம்மா மெஷினை நிறுத்திட்டு, எதிர்ல உட்கார்ந்து வாயைப் பொத்திக்கிட்டுக் கேட்டாங்க. முடிஞ்சதும், "மாமியாரை இன்னும் கொஞ்சம் கொடுமைக்காரியா சொல்லேன்"னு யோசனை வேற. அண்ணி இன்னொரு தடவை சொன்னாங்க. கூடப் போயிருந்த நானே சுவத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.

புள்ளி அந்த வீட்டு மேல விழுந்தது.

வெளியூர்க்காரங்க வர ஆரம்பிச்சாங்க. ஜன்னல்ல முகத்தை ஒட்டி வச்சுப் பார்க்கிறதும், சுவத்தைத் தட்டிப் பார்க்கிறதுமா இருந்தாங்க. ஒருத்தன் தையல்காரம்மாவை நிக்க வச்சு போட்டோ எடுத்துட்டுப் போனான், மாமியார் வேஷக்காரின்னு நினைச்சிருப்பான். முதல்ல நாங்களும் விழுந்து விழுந்து சிரிச்சோம். புள்ளியை மாத்தச் சொல்லி அண்ணி கம்பெனிக்குப் போன் பண்ணினா, "பார்க்கிறோம் மேடம், அந்தக் கதையைத்தான் நிறையப் பேர் கேக்குறாங்க"ன்னாங்க.

தையல்காரம்மாவுக்கு ஒரே மகன், லிஃப்ட் மெக்கானிக். புருஷன் போன பிறகு தச்சுத் தச்சே ஆளாக்கின பிள்ளை. கூட வேலை பார்க்கிற பொண்ணும் அவனும் ஒருத்தரை ஒருத்தர் விரும்பினாங்க. பொண்ணோட அம்மா, மகள் வாழப்போற வீடு எங்க இருக்குன்னு போன்ல தேடியிருக்காங்க. மேப்ல அந்த வீட்டு மேல இருந்த புள்ளியைத் தொட்டதும், காதுல எங்க அண்ணி குரல்.

பொண்ணு வீட்டுல வேண்டாம்னுட்டாங்க. "அம்மா அழுதா என்னால தாங்க முடியலை"ன்னு பொண்ணும் சொல்லிட்டா. பையன் சாப்பிடாம சுருண்டு படுத்துட்டான். தையல்காரம்மா எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, "நானா அப்படிப்பட்டவ, ரேடியோ?"ன்னு கேட்டாங்க. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. அண்ணி அன்னிக்கு முழுக்கப் பேசலை. எனக்கு பயமாயிடுச்சு.

மறுநாள் கம்பெனி ஆபீஸ்ல போய் உட்கார்ந்தாங்க பாருங்க, அசையவே இல்லை. புள்ளியைக் கிட்டங்கிக்கு மாத்தின பிறகுதான் எழுந்தாங்க. அங்கிருந்து நேரா பொண்ணு வீடு. நானும் கூடப் போனேன். போனைக் காட்டி, நடந்ததைச் சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டாங்க. பொண்ணோட அப்பா சிரிச்சுட்டாரு. "உங்க வாய்க்கு ஒரு பூட்டு போடணும்மா. ஞாயித்துக்கிழமை வந்து வீட்டைப் பார்க்கிறோம்"னாரு. திரும்பி வர்ற வழியெல்லாம் அண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தது.

ஞாயித்துக்கிழமை அவங்களைக் கூட்டிட்டுப் போக பஸ் ஸ்டாண்ட்ல நின்னோம். அவங்க முந்தின பஸ்லயே வந்துட்டாங்க போல. நாங்க கவனிச்சப்போ, ரோட்டோரம் பூட்டு சாவி ரிப்பேர் பண்றவர்கிட்ட வழி கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நாங்க ஓடினோம்.

"தையல்காரம்மா வீடா? மருமகளை வச்சுப் பூசின வீடுதானே? நேராப் போய் இடது பக்கம்."

"யோவ், அது நான் சொன்ன கதைய்யா!"ன்னு அண்ணி கத்தினாங்க. "அது இந்தக் கிட்டங்கிக் கதை. நான்தான் இடம் தெரியாம அங்க போய்ச் சொல்லிட்டேன்."

அவர் கையில இருந்த அரத்தைக் கீழ வச்சாரு. "நீங்க இப்போ சொல்லியிருப்பீங்கம்மா. எங்க தாத்தா அந்த வீட்டுச் சுவத்தைக் கண்ணால பார்த்திருக்காரு. சின்ன வயசுல எனக்குச் சொல்லியிருக்காரே." பாவி, பொய் சொல்ற முகமே இல்லை அவருக்கு. பக்கத்துல பழம் வித்துக்கிட்டு இருந்தவரும், "ஆமா, நானும் கேட்டிருக்கேன்"னு தலையாட்டினாரு.

பொண்ணோட அம்மா புருஷன் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. அண்ணி என்னென்னவோ சொல்லிப் பார்த்தாங்க. "இவ்வளவு நல்லாக் கதை சொல்ற உங்களை எப்படிம்மா நம்புறது?"ன்னு கேட்டாரு பொண்ணோட அப்பா. கோபமாக்கூடக் கேக்கலை. அடுத்து வந்த பஸ்லயே ஏறித் திரும்பிப் போயிட்டாங்க.

ரெண்டு தெரு தள்ளி, தையல்காரம்மாவும் மகனும் வீட்டைத் துடைச்சு, நாற்காலியெல்லாம் எடுத்துப் போட்டுட்டுக் காத்துக்கிட்டு இருந்தாங்க. அண்ணி நடைபாதையிலேயே உட்கார்ந்துட்டாங்க. "நீ போய்ச் சொல்லிடு. நான் சொன்னா அதுவும் கதையாயிடும்"னாங்க. நான்தான் போய்ச் சொன்னேன்.