காயாத தரையில் பத்து முறை

அவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். டைல்ஸ் ஒட்டும் வேலையில் இருபத்திரண்டு வருஷம். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நிற்கிறதா என்று ரசமட்டக் கருவியை வைத்துப் பார்க்கும் முன்பே, வெறும் கண்ணால் "அந்த மூலை ஒரு நூல் தூக்கலா இருக்கு" என்று சொல்லிவிடுவார். தரையை இப்படிப் பிசிறில்லாமல் படுக்க வைக்கிற மனுஷனுக்குச் சொந்த உடம்பு மட்டும் அடங்கவில்லை. இரண்டு வருஷமாக அடி இடுப்பில் வலி. நின்றால் பாதி சாத்திய கதவு மாதிரி ஒருக்களித்துத்தான் நிற்பார்.

தைலம், பெல்ட், ஊசி எல்லாம் ஒரு சுற்று வந்தாயிற்று. கடைசியில் பிசியோதெரபி செய்கிற பெண், மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கி இறக்கச் சொன்னாள். காலை, மதியம், மாலை, வேளைக்குப் பத்து முறை.

"நாள் பூரா குனிஞ்சு நிமிர்றவன்மா நான். எனக்கு எதுக்கு எக்ஸர்சைஸு?"

"குனியிறீங்க, சரி. நிமிர்றீங்களா?"



காலையும் மாலையும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். செருப்பு மாட்டக் குனியும்போது 'அம்மா' என்பது குறைந்தது. மதியம்தான் வம்பு. வேலையிடத்தில் நாலு பேர் முன்னால் இடுப்பைத் தூக்கிக் காட்டினால் மானம் கப்பலேறிவிடாதா? மதியத்தை அப்படியே முழுங்கிவிட்டார்.

இதற்கிடையில் மேஸ்திரி ஒரு குண்டைப் போட்டார். "உனக்கு முடியலைய்யா. இந்த வீடு முடியட்டும், டைல்ஸ் வெட்டுற மிஷின்ல உட்கார்ந்துக்கோ." நல்ல மனசோடுதான் சொன்னார். ரசமட்டத்துக்கோ, சமையல்காரனைக் கூப்பிட்டு இனி வெங்காயம் மட்டும் உரி என்ற மாதிரி இருந்தது. இனி மதிய வேளையையும் விடுவதில்லை என்று முடிவெடுத்தார்.

மறுநாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம், ஓசைப்படாமல் கடைசி அறைக்குப் போனார். சுத்தமான, சமமான தரை. ஆள் வராத இடம். வராததற்குக் காரணம், வாசலுக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிறு. காலையில் ஒட்டிய தரை அது. கயிற்றைக் கட்டியவரும் அவரேதான். வலியும் வெட்கமும் சேர்ந்தால் புத்தி புல் மேயப் போய்விடும் போல. கயிற்றைத் தாண்டிப் போய்ப் படுத்து, குதிகாலை ஊன்றி, இடுப்பைத் தூக்கினார். ஏழாவது முறையில்தான் குதிகால் இரண்டும் மெல்ல உள்ளே இறங்குவது உறைத்தது.

டைல்ஸ் இடுக்குகளுக்கு ஒயிட் சிமெண்ட் பூசுகிறவள் அவர் மனைவி. தேடிக்கொண்டு வந்து பார்த்தாள்.

"என்னங்க, ஈரத் தரையில மிதிச்சான்னு போன மாசம் எலக்ட்ரீஷியனை ஓட ஓட விரட்டினீங்களே. இப்ப யாரை விரட்டப் போறீங்க?"

"மெதுவாப் பேசுடி. மேஸ்திரி காதுல விழுந்தா நான் காலி."

"பூனை வந்துச்சுன்னு சொல்லிடலாமா?"

"எழுபது கிலோ பூனையா?"

சிரித்துக்கொண்டே கை கொடுத்துத் தூக்கியவள், அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

கோணல் தரையை மூடி மறைத்துவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. நேராகப் போய்ச் சொல்லிவிட்டார். மேஸ்திரி வந்து பள்ளங்களைப் பார்த்தார்.

"ஏன்யா, படுக்க வேற இடமே கெடைக்கலையா?"

"வெளிய படுத்தா சிரிப்பீங்க."

"இப்ப மட்டும் அழுறோமாக்கும்? சாயங்காலத்துக்குள்ள எடுத்து ஒட்டு. முடியலேன்னா நாளைக்கே மிஷின்தான்."

பதினொரு டைல்ஸ். கலவை இறுகும் முன் பெயர்த்து, அடிப்பக்கம் கழுவி, திரும்ப ஒட்ட வேண்டும். நாலு ஒட்டியதும் இடுப்பு கத்த ஆரம்பித்தது. பழைய ஆளாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்திருப்பார். இப்போது எழுந்து ஹாலுக்குப் போய், காலி சிமெண்ட் பையை விரித்து, எல்லோர் முன்னாலும் படுத்தார். பெயிண்டர் சத்தமாக எண்ணினான். ஏழுக்கப்புறம் வேண்டுமென்றே மறுபடி ஐந்து என்றான், பாவி. எத்தனையோ வீட்டுத் தரையைப் பார்த்த மனுஷன், தலைக்கு மேலே இருக்கிற கூரையை அன்றைக்குத்தான் சாவகாசமாகப் பார்த்தார்.

பொழுது சாயும் முன் பதினொன்றும் உட்கார்ந்துவிட்டன. மேஸ்திரி விளிம்புகளை விரலால் தடவிப் பார்த்தார். எங்கேயும் தட்டவில்லை.

"வலி?"

"இருக்கு. ஆனா என்னை ஒண்ணும் நிறுத்திடல."

"சரி, மிஷினுக்கு வேற ஆளைப் பார்த்துக்கிறேன். நீ நாளைக்கு மாடி ஹாலை ஆரம்பி."