பேரைக் கேட்டு வந்த மணமேல்குடிப் பெண்

போன வாரம் டி.வி.யில் ஒரு போர்ச் செய்தி. பின்னால் புகை... முன்னால் மைக்குடன் ஓர் இளம் நிருபர். "பலி எண்ணிக்கை இன்னும் உயரலாம்" என்றார். நானும் அதே வாக்கியத்தை எழுதிப் பிழைத்தவன்தானே? ஆனால் எனக்கு ஞாபகம் வந்தது இலுப்பூர்ச் சந்தை நாள் ஒன்று.

ஐம்பதுகளின் கடைசி. ஒரு சென்னைப் பத்திரிகைக்கு நான் கொழும்பு நிருபர். அங்கே கலவரம் வெடித்து, கடைகள் எரிந்து, ஊரடங்கு போட்டு... தந்தியில் நான் அனுப்புவதில் பாதியைச் சென்சாரில் வெட்டிவிடுவார்கள். கொஞ்சம் அடங்கியதும் லீவு கிடைத்தது. கப்பலும் போட் மெயில் ரயிலுமாக இலுப்பூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் சந்தை. காலையில் வாசலில் ஓர் இளம்பெண். மணமேல்குடியாம். அவள் அண்ணன் எங்கள் சந்தைக்குக் கருவாடு கொண்டுவருகிறவர். அவரோடு பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"கொழும்புப் பேப்பர்க்காரர் நீங்கதானுங்களா?"

"ஆமா, உள்ளே வாங்க."

வரவில்லை. நின்றபடியே பேசினாள்.

"நீங்க எழுதுனதை அண்ணன் வாசிச்சுக் காட்டுச்சு. இத்தனை பேரு செத்துட்டாங்கன்னு போட்டிருக்கீங்க. யாரு யாருன்னு போடலீங்களே?"

அரசாங்கம் பேர் தருவதில்லை என்று விளக்கினேன். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள். கொழும்பு புறக்கோட்டையில் அவள் வீட்டுக்காரருக்குச் சின்னப் பலசரக்குக் கடை. கலவரத்துக்கு அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

"அவர் பேரு என்னம்மா? போனதும் விசாரிக்கிறேன்."

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் புருஷன் பேரைப் பொண்டாட்டி வாய்விட்டுச் சொல்வாளா? "பரவாயில்லை, அண்ணன் வந்து சொல்லட்டும்" என்றேன்.

இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்தாள். அப்புறம் என் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"மாரிமுத்து. சரியா எழுதிக்கங்க... மணமேல்குடி மாரிமுத்து."

கொழும்பு திரும்பியதும் அகதிகள் இருந்த இடமெல்லாம் முகாம் முகாமாக ஏறி இறங்கினேன். ஒரு பள்ளிக்கூட முகாமில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, குழாயடியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். முழங்கையில் தீக்காயம். மற்றபடி ஆள் நன்றாக இருந்தார்.

"ஊருக்கு ஏன் தகவல் சொல்லலை?"

"என்னத்தைச் சொல்றதுங்க? கடை கரியாப் போச்சு. எம் பொண்டாட்டி நகையில போட்ட கடை. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

"உங்க சம்சாரம் என் வீட்டு வாசல்ல நின்னு உங்களை விசாரிச்சாங்க. மாரிமுத்துன்னு பேரைச் சொல்லி."

"அதுவா சொல்லுச்சு... என் பேரை?"

ஈர வேட்டியால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த வாரமே கப்பல் ஏறினார்.

பிறகு மணமேல்குடியில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை போட்டார். நானும் போய்க் குடித்திருக்கிறேன். கல்லாவில் அந்தப் பெண்தான். அவரைக் கூப்பிடுவது மட்டும் பழையபடி "ஏங்க"!

அதற்கப்புறம் எத்தனையோ நாடுகள், எத்தனையோ சண்டைகள். செய்தி அனுப்பும்போதெல்லாம் செத்தவர்களில் நாலு பேரையாவது பேர், ஊரோடு எழுதுவேன். இடமில்லை என்று பத்திரிகை ஆபீஸ் டெஸ்க்கில் வெட்டிவிடுவார்கள்.

வெட்டிய பேரையும் எங்கோ ஒரு வீட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள் — இல்லையா?